மரவள்ளிப் பையில் இஞ்சி

ஜூன் 10, செவ்வாய்

கண்டக்குழிக் கடையில் பிரிக்காத பீட்றூட் மூடை ஒன்று. வாய் கட்டிய நீல நைலோன் கயிற்றில் என் முடிச்சு. இடது கைக்காரி முடிச்சு. எத்தாளையில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. சனிக்கிழமை எங்கள் தோட்டத்தில் லொறி ஏறிய மூடை தம்புள்ளைச் சந்தைக்குப் போய், ஊர் பார்த்து, வாடித் திரும்பி வந்திருக்கிறது. நானே இன்னும் தம்புள்ளை பார்த்ததில்லை.

"என்ன மகள் வேணும்?" என்றார் கடைக்காரர். ஓடி வந்துவிட்டேன். உம்மா வாங்கச் சொன்னது உப்பு.

ஜூன் 13, வெள்ளி

முடிச்சுக் கதையைக் கேட்டதிலிருந்து உம்மாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் குணேஸ்வரி அக்காவுக்கும் ஒரே யோசனை. கிழமைக்கு ஒரு பை மரக்கறி, நேரே புத்தளம் டவுண் வீடுகளுக்கு. நடுவில் லொறி இல்லை.

வாப்பா சொன்னார்: "முப்பது வீடு நிண்டா சரி. ஒண்டு குறைஞ்சாலும் ஜூலை அஞ்சாந்திகதி லொறிக்கு ஏத்திருவன்."

பை கட்டுவது நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு நல்ல வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

ஜூன் 21, சனி

முப்பது வீடு! வாப்பா இரண்டு தரம் எண்ணினார்.

ஜூன் 28, சனி

யா அல்லாஹ்.

காலையில் குணேஸ்வரி அக்கா உரப்பையில் வளர்த்த இஞ்சியைக் கொண்டுவந்தா. "பைக்கு ஒரு துண்டு போடு பிள்ளை. சும்மா, ஒரு சந்தோசத்துக்கு." போட்டேன். அதன்மேல் பயற்றங்காய், பீட்றூட். கடைசியாக வாப்பா பிடுங்கிய மரவள்ளி. உம்மா பைகளோடு ஓட்டோவில் நெருங்கிக்கொண்டு போய்விட்டா.

பதினொரு மணிக்கு அக்கா கேட்டா: "இண்டைக்கு என்னென்ன போட்டனீ?"

விரல் மடக்கிச் சொன்னேன். மரவள்ளி என்றதும் அப்படியே மண்ணில் இருந்துவிட்டா.

மரவள்ளி தின்ற வயிற்றுக்குள் இஞ்சி போனால் மவுத்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்! கை எப்படி மறந்தது?

பை வாங்குகிற வீடுகளின் வட்ஸ்அப் குறூப்பில் மெசேஜ் போட்டேன். பார்த்தது நாலு வீடு. சோறு கறி ஆக்குகிற நேரம்.

"நீங்க கதையுங்க அக்கா."

"நான் கதைச்சா இஞ்சிக்காரி எண்டு என்னைத்தான் பிடிப்பினம். மரவள்ளிக்காரி, நீயே கதை."

இன்னும் இருபத்தாறு வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும். முதலில் பஸீஹா டீச்சர். சலாம் சொல்லக்கூட மறந்து, "தின்னாதீங்க!" என்று கத்தினேன்.

"யாரு மகள் நீங்க?"

"மரவள்ளி."

மஸாஹிர் ஹாஜியார், "நஞ்சு விக்கிற கூட்டமா? எங்கட வீட்டை லிஸ்ட்ல வெட்டுங்க" என்றார். வெட்டினேன். இருபத்தொன்பது. இனி லொறிதான் — என்னால்.

அழுதுகொண்டே அடுத்தடுத்த வீடுகளுக்கு எடுத்தேன். பதினேழாவதில் ஓர் ஆண் குரல். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"எனக்கு மரவள்ளியே வரல்லயே, தங்கச்சி?"

நம்பரில் ஒன்றுக்குப் பதில் ஏழு என்று அழுத்தியிருக்கிறேன். வெட்கத்தில் போனை வைக்கவும் வரவில்லை.

"அது சரி, என்ன பை அது?"

சொன்னேன். பீட்றூட் தம்புள்ளை போய் வந்ததையும் சொன்னேன். ஆறு நிமிடமாம், போன் காட்டுகிறது! அவர் பெயர் றிப்தி. புத்தளத்திலேயே, மன்னார் ரோட்டில் வீடு.

"எங்களையும் சேருங்க. ஆனா இஞ்சிய வேற நாளைக்கு அனுப்புங்க."

ஜூன் 29, ஞாயிறு

யாரும் மவுத்தாகவில்லை. பாதி வீடு இஞ்சியைப் பிளேன்டீக்குப் போட்டுவிட்டு மரவள்ளியை நாளைக்கென்று வைத்திருக்கிறது. பஸீஹா டீச்சர் குறூப்பில் கேட்கிறா: "அடுத்த கிழமை எதைத் தின்னா சாகிற?"

எத்தனை வீடு என்றார் வாப்பா. முப்பது என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லது.

ஜூலை 5, சனி

காலை ஆறு மணிக்கு லொறிக்கார நானா வந்து படலை வாசலில் ஹோன் அடித்தார். வாப்பா தண்ணீர்க் குழாயோடு கத்தரிக்குள் நின்றார், தலை தூக்கவில்லை. உம்மா அடுப்படியில். திரும்பவும் ஹோன்.

கட்டிய பையைக் கீழே வைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுப் படலைக்குப் போனேன்.

"இண்டைக்கு ஒண்டும் இல்ல, நானா."

"என்னது? கேக்கல்ல!" என்றார், என்ஜினை நிறுத்தாமல்.

திரும்பவும் சொன்னேன். சத்தமாக.