படிக்காமல் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 6
பெரிய பேரன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். பேத்தி வக்கீல் படிப்பை முடித்துக் கறுப்புக் கோட்டு போட்டுவிட்டாள். என்னோடு இருக்கிற சின்னவன் பூட்டுக் கடையில்; பெட்டகம் சிக்கிக்கொண்டால் பேங்க்காரர்களே இவனைத்தான் தேடுகிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இப்படி! எழுதினால் நாளாகும் என்று, பெரியவன் வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரில் பேசித்தான் இதையெல்லாம் பதிகிறேன். எதிர்வீட்டுக்காரி, "உங்க வீட்ல ஒருத்தர்கூட சாதாரணமா இருக்க மாட்டீங்களா?" என்றாள். வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 19
சின்னவனைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. ஞாயிறு பகலில், பூட்டியிருந்த நகைக்கடைக்குள் யாரோ புகுந்து, பெட்டகத்தை உடைக்காமலே திறந்து துடைத்தெடுத்துவிட்டார்களாம். போன மாதம் அதைப் பழுது பார்த்தவன் இவன். ஞாயிறு முழுக்க என் கண்ணெதிரே ஜுரத்தில் படுத்துக் கிடந்தானே!

பேத்தி போனில், "வக்கீல் இல்லாம வாய் திறக்காதேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். அது அவன் உரிமை, சட்டத்துலயே இருக்கு. நீங்களும் யார் வந்தாலும் பேசாதீங்க பாட்டி" என்றாள்.

பேசாமல் இருந்தால் திருடன் என்றல்லவா நினைப்பார்கள்? நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 20
இன்ஸ்பெக்டர் வந்தார். தன்மையான மனிதர். "உக்காருங்கம்மா" என்று என் நாற்காலியை எனக்கே இழுத்துப் போட்டார். பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார்.

"சின்னவர் எப்படிம்மா, கெட்டிக்காரரா?"

"அவன் கை பட்டுத் திறக்காத பூட்டே இல்லீங்க. சாவியே வேணாம்."

"உழைப்பாளியோ?"

"ஞாயித்துக்கிழமைகூட வீட்ல எங்க தங்குறான்? வேலை வேலைன்னு ஓடிட்டே இருப்பான்."

கூட வந்தவர் எல்லாவற்றையும் எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது. கண்ணாடியை மாட்டி, படித்த மாதிரி தலையாட்டி, போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21
நேற்று சாயந்திரமே மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டார். நான் சொன்னதைத்தான் வாசித்தார்களாம். பேத்தி அழுதாள். "அடிச்சும் அவன் ஒரு வார்த்தை பேசல பாட்டி. எல்லாத்தையும் நீங்க பேசிட்டீங்க."

மார்ச் 2
என்னை நானே திட்டிக்கொள்கிறேன்: உன் வாயில கொள்ளி வைக்க. சும்மா இருந்தா என்னடி குறைஞ்சு போயிருக்கும்?

ஜூலை 14
கோர்ட்டில் கூண்டேறினேன். அந்த ஞாயிறு ஜுரத்தில் படுத்திருந்தான் என்றேன். அரசு வக்கீல் தாளை நீட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"படிச்சுத்தானே போட்டீங்க?"

பெரியவன் லீவு போட்டு வந்திருந்தான். எதிர்வீட்டுக்காரியும் பின்னால் இருந்தாள்.

"இல்லீங்க. எனக்குச் சரியாப் படிக்க வராது. வெட்கப்பட்டுப் போட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். சின்னவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஜனவரி 9
விடுதலை. பூட்டுத் திறக்கத் தெரிந்ததும் குற்றமில்லை, பேசாமல் இருந்ததும் குற்றமில்லை என்றாராம் ஜட்ஜ். பதினோரு மாதம் கழித்து! பாயைத் தட்டி விரித்து வைத்தேன். அவன் ஜெயில் வாசலிலிருந்தே அக்காவோடு அவள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

மே 27
அங்கே ஏதோ கம்பெனியில் பெட்டி தூக்குகிறானாம். பூட்டு வேலைக்கு யாரும் சேர்க்கவில்லை. நான் கூப்பிட்டால் போனுக்கு வருவதில்லை. இளைத்திருக்கிறானா, அடிபட்ட பல்லைக் கட்டிக்கொண்டானா? பேத்தியிடம் கேட்டால், "நல்லா இருக்கான் பாட்டி" என்று முடித்துவிடுகிறாள்.

இன்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, நாலு வரிக்கு ஒரு பகல் ஆயிற்று. அவன் என்னோடு பேச வேண்டாம், வரவும் வேண்டாம். அவன் முகம் தெரிய, புதிதாக ஒரு படம் மட்டும் எடுத்துத் தபாலில் போடச் சொல்.