காதர் மச்சான் குரலுக்குப் பூட்டு

ஜூலை 3, வியாழன்

வெயில். மேல்காற்று. வீடெல்லாம் புழுதி.

காதர் மச்சானின் குரலைப் பல்கலைக்கழக நூலகம் பூட்டிவிட்டது. யாரும் எப்போதும் கேட்கலாம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். வாங்கிப் பூட்டிவிட்டார்கள். நாளை யாராவது வேறு மாதிரிச் சொல்லிக் குழப்பினால் பார்த்துக்கொள்ள முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

காலையில் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஜமால் போன். காதரின் மகன்.

"மாமா, நீங்க அனுப்புன லிங்க்க அமுக்குனா லாகின் கேக்குது. மாணவரா, பேராசிரியரான்னு கேக்குது. நான் என்னன்னு போட?"

"படகுக்காரன்னு போடு."

"அதுக்குக் கட்டம் இல்ல மாமா."

நூலகமே ரெக்கார்டர் கொடுத்து, ஊர்க்காரர்கள் பேச்சைப் பதிவு செய்துவரச் சொன்ன திட்டம் அது. நான் காதரிடம் போனேன். அந்த ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். படுத்த படுக்கையாக இருந்தும் சலிக்காமல் பேசினார். கரையில் எந்தப் பனையையும் எந்தப் பள்ளிவாசல் மினாராவையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் கடலுக்குள் எந்தப் பாறை என்று. ஜமால் அப்போது சவூதியில். அவன் வந்து சேர்வதற்குள் மனுஷன் போய்விட்டார். போன வாரம் அந்தப் பாறைகளில் ஒன்றில்தான் ஜமாலின் வலை மாட்டிக் கிழிந்தது.

என்னிடம் பிரதி இல்லை. ரெக்கார்டரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். நூலகத்தைவிடப் பத்திரமான இடம் எது என்று நினைத்தேன்.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. செருப்பு தைக்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

நூலகத்துக்குப் போன். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். எடுத்து வைத்துவிட்டார்கள்.

கமலம் சாம்பார் தாளித்துக்கொண்டே: "ரெண்டு பஸ் மாறிப் போய் யார்கிட்டக் கத்தப் போறீங்க?"

"நான் எங்க கத்துனேன்?"

"இப்ப என்ன பண்றீங்களாம்?"

செருப்பு தைத்தாயிற்று. சாம்பாரில் உப்பில்லை. சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

போனேன். வாசலில் காவலாளி, "ஐடி இருக்குங்களா ஐயா?" ஆதாரைக் காட்டினேன். "இது இல்லீங்க, எங்க ஐடி." அவர் தலைக்கு மேலே பெரிய பேனர்: அனைவருக்கும் திறந்த அறிவு. பேனரைக் காட்டினேன். திரும்பிப் பார்த்து, சிரித்து, உள்ளே விட்டுவிட்டார். அங்கே நியாயம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

துணை நூலகர் மரியாதையாகத்தான் பேசினார். மோர் கொடுத்தார். குடிக்கவில்லை.

விஷயம் இது. அமுதா என்ற ஆய்வு மாணவி காதரின் பேச்சை வைத்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினாள். ஆய்வேட்டைக் கணினியில் ஏற்றும்போது, காதரின் பதிவுகளைத் தனியாக வைக்காமல் அதற்குப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். புத்தகமாக வரும்வரை ஆய்வேட்டை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். ஆய்வேட்டுக்குப் போட்ட பூட்டில் காதரும் மாட்டிக்கொண்டார்.

"அப்பப் பிரிச்சு வைங்க."

"வழிகாட்டி கடிதம் தரணும் ஐயா."

வழிகாட்டிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "அது நூலக நடைமுறைங்க. நான் தலையிட முடியாது." வைத்துவிட்டார்.

பிறகு துணை நூலகர் குரலைத் தாழ்த்தி: "ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன். உங்களுக்கு மட்டும். வெளிய சொல்லாதீங்க."

"ஏங்க, நான் என்ன திருட்டுச் சாமானா வாங்க வந்தேன்?"

வாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் கால் வீங்கிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

அமுதாவுக்குப் போன். இப்போது கறம்பக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை. திட்டத்தான் போட்டேன்.

"ஐயா, என் ஆய்வேட்ட நானே திறக்க முடியலங்க. படிப்பு முடிஞ்சதும் என் லாகினையும் எடுத்துட்டாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கோபம் குறைந்துபோகும்.

அடுத்துச் சொன்னாள். பக்கத்துக்குப் பக்கம் காதர் பெயரைப் போட்டிருந்தாளாம். வழிகாட்டி அடித்துவிட்டாராம். இப்போது காதரின் பெயர் 'தகவலாளி நான்கு'.

என் பெயரை முழுசாப் போடு, அப்பத்தான் நான் சொன்னது தப்பானா ஏச வேண்டியவன் என்னை ஏசுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர். அதுவும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. பூட்டுக்குள்.

பதிவுகளைப் பிரித்து வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றாள். அழுதாள் போல. விசாரிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கோட்டைப்பட்டினம். காற்று பலம். நாட்டுப்படகு எதுவும் போகவில்லை. ஜமால் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

காதரின் மனைவி நூர்ஜகானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ் வேண்டாம் என்றதையும். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்க ரோசத்துக்கு என் வீட்டுக்காரர் குரல்தான் கெடச்சுச்சா?"

"எல்லாப் படகுக்கும்னுதானே தங்கச்சி அவர் பேசுனாரு. நமக்கு மட்டும் வாங்கிட்டா அவங்க பூட்டு அப்படியே நின்னுரும்."

"வாங்கிப் பையில போட்டுக்கிட்டுச் சண்டை போட்டிருக்கலாம்ல? இவன் அடுத்த வாரம் கடலுக்குப் போறான். அந்தப் பாறைக்கு என்ன தெரியும், நூலகம்னும் லாகின்னும்?"

ஜமால் தலை நிமிரவே இல்லை.

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"திங்கக்கெழமை நானும் வாரேன். என்கிட்ட அட்டை கேக்கட்டும்."

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை. பென் டிரைவ் விஷயத்தில் நான் செய்தது சரிதான். அவள் சொன்னதும் சரிதான். எரிச்சலாக இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு:

துணை நூலகர் – பதிவுகளை ஆய்வேட்டிலிருந்து பிரிக்க வேண்டும். லாகின் இல்லாமல் திறக்க வேண்டும். பேசியவர் பெயர் காதர் என்று போட வேண்டும்.

வழிகாட்டி – தன் மாணவியின் ஆய்வேட்டை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். காதர் அவர் மாணவர் இல்லை. இதை எழுத்தில் தர வேண்டும்.

அமுதா – கடிதம். ஞாயிறுக்குள்.

கமலம் – புளிச்சோறு, மூன்று பேருக்கு. உப்பு.

ஜமால் – நூலக வாசலில் நின்று, அவர்கள் வைஃபையில் இல்லாமல் தன் போனில் திறந்து பார்க்க வேண்டும். குரல் கேட்டால்தான் திறந்ததாகக் கணக்கு.

நூர்ஜகான் – பென் டிரைவ் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் புருஷன் குரல்.

நான் – அவள் வாங்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. வாங்கிய பிறகு, பூட்டைத் திறக்கும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது.