முடுக்குக்கு விட்ட இரண்டடி

786
காயல்பட்டணம்
7-7-46

அன்புள்ள மகன் சேக் தாவூதுக்கு, வாப்பா மூஸா நெய்னா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உன் தங்கச்சி நூர்ஜஹானும் இங்கே சுகம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, எண்ணெய் தேய் என்றால் தேய்ப்பதில்லை, தேய்க்காமலே வலிக்கிறது என்று என்னிடம் சொல்வாள். நான் வழக்கம்போல வியாழன் சாயங்காலம் துறைமுக வேலை முடிந்து தூத்துக்குடியிலிருந்து, கரி எரித்து ஓடுகிற கரிவண்டி பஸ்ஸில் வந்தேன், ஆத்தூர் தாண்டியதும் நின்றுவிட்டது, தள்ளினோம். என்ஜினை நான் பார்க்கிறேன் என்றேன், டிரைவர், அண்ணாச்சி நீங்க துறைமுகத்தைப் பாருங்க, பஸ்ஸை நான் பாக்கேன் என்றான். மூடியைத் திறந்தால் சாம்பல் அடைத்துக் கிடந்தது, ஒரு குத்துக் குத்தினேன், ஓடியது.

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தம்பி பெட்டாவில் நீ இருக்கிற கடைக்கு வந்து, உங்க வாப்பா ரெண்டு மாசமா குழி வெட்டுதாஹளாமே, தண்ணி வந்துச்சா என்று கேலி பண்ணியதாக எழுதியிருந்தாய். தண்ணி மட்டுமில்லை, கிணறே வந்தது. நோன்பு முடிந்து ஷவ்வாலில் நிக்காஹ், அதற்குள் தங்கச்சி அறை முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியாது. ஏன் என்று எழுதுகிறேன், முழுசும் படி, பாதியில் மடித்து வைக்காதே, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது.

சமையலறைக்குப் பின்னால் முடுக்குச் சந்து வரைக்கும் கிடக்கிற காலி இடத்தில்தான் அறை என்று முன்பே எழுதினேன். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறவர், அவருக்குக் கதவு போட்ட ஓர் அறை இல்லாமல் முடியாது. இடத்தை அளந்து கயிறு கட்டி, கடப்பாரையால் அடிக்கொரு தரம் குத்திப் பார்த்தேன். முடுக்குப் பக்கம் நல்ல மணல், கடப்பாரை கறகறவென்று இறுகி நின்றது. சமையலறைப் பக்கத்து மூலையில் சோற்றுக்குள் விரல் போவதுபோல உள்ளே போயிற்று. தோண்டினால் கறுத்த மண், உடைந்த சட்டி, சாம்பல். உம்மா அப்போதுதான் நிதானமாகச் சொல்கிறாள், அங்கன ஒரு கிணறு இருந்தது, உப்பாகிப்போனதால் எங்க வாப்பா தூர்த்துட்டாஹ என்று. இந்த வீட்டில் இருபது வருஷமாக நானும் மாப்பிள்ளையாக இருக்கிறேன், அஸ்திவாரம் வெட்டுகிறவனிடம் இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மணல் கெட்டது என்று சில பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. மணல் பக்கவாட்டில் ஓடாமல் கட்டிப்போட்டால் பாறை மாதிரி தாங்கும். ஒரே சுவர் பாதி மணலிலும் பாதி குப்பையிலும் நின்றால்தான் ஆபத்து. குப்பைப் பக்கம் இறங்கும், மணல் பக்கம் இறங்காது, நடுவில் சுவர் பிளக்கும்.

கொத்தனார் இசக்கியப்பன், ரூமை அப்படியே ரெண்டடி முடுக்குப் பக்கம் தள்ளிருவோம் அண்ணாச்சி, கிணறு சுவருக்கு வெளிய போயிரும், ஒரு வாரத்துல தரைக்கு மேல வந்துருவேன் என்றான். எனக்கும் கணக்கு சரியாகவே பட்டது. நேரம் மிச்சம், செங்கல் மிச்சம். நாலரை அடி முடுக்கு இரண்டரை அடியாகும், பொம்பளைகள் நடக்கிற சந்துதானே, வண்டியா போகப்போகிறது என்று நினைத்தேன். அளப்பதற்காக முடுக்கு வாசலில் நின்று ஆம்பிளை வாரான் என்று மூன்று தரம் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து உன் ராஹிலா பெரியம்மா, ஓவர்சியர் தம்பி, அளந்து முடிச்சா சொல்லுங்கோ, கையில மீன் ஆணச் சட்டி சுடுது என்றாள். அவசர அவசரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நூர்ஜஹான் வேண்டாம் என்றாள். உனக்காகத்தானே கட்டுகிறேன், உனக்கென்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. வாப்பா, நீங்கோ துறைமுகத்துக்குப் போயிடுவீங்கோ, வரப்போற மாப்பிள்ளை பினாங்குக்குப் போயிடுவாஹ, நான்தான் இந்த முடுக்குல காலம் பூரா நடக்கணும், எதிரே ஒருத்தி சாப்பாட்டுத் தாலம் தூக்கிட்டு வந்தா யாராவது ஒருத்தி திரும்பிப் போகணும், ராஹிலா பெரியம்மாவைத் திருப்பி அனுப்பிட்டு எனக்கு ரூம் வேண்டாம் என்றாள். கட்டடமே கட்டாமல் நிறுத்தச் சொல்கிறாளா என்று உம்மாவைப் பார்த்தேன். உம்மா எழுந்து முடுக்குக்குள் போய், நூர்ஜஹானோடு எதிரும் புதிருமாக நடந்து காட்டினாள், ஆளுக்கொரு தாலத்தோடு. கோடு போக மிஞ்சிய இரண்டரை அடியில் தோள் முட்டியது. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது, கோட்டை நானே காலால் அழித்தேன்.

அதனால் இப்போது செய்வது இதுதான். கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நல்ல மணல் வரைக்கும் இறங்கி இரண்டு தூண், செங்கல் ஜல்லியும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்த அடித்தளத்தின்மேல். இரண்டுக்கும் நடுவே மண்ணுக்குள்ளேயே ஒரு செங்கல் வளைவு, அதற்குமேல் சுவர். கிணறு தன் பாட்டுக்கு அடியில் கிடக்கும், சுவரின் பாரம் அதன்மேல் விழாது. நல்ல வேலை, நாளைக்கு மாடி எடுத்தாலும் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு, நான் அதட்டினால் வேகமாகக் காய்கிற சாமான் இல்லை. வளைவு இறுகாமல் சுவர் ஏற்ற முடியாது, சுவர் காயாமல் மட்டப்பாக் கூரை போட முடியாது. சிமெண்டு பெர்மிட்டுக்கு எழுதி இன்னும் பதில் இல்லை.

மாப்பிள்ளையின் வாப்பா ஸதக்கத்துல்லாஹ் காக்கா வந்து குழியை எட்டிப் பார்த்தார். ஒரு ரூமுக்கு இவ்வளவு பள்ளமா, கப்பலா கட்டுதீங்கோ என்றார். துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, ஓவர்சியர் ஒரு வார்த்தை சொன்னால் பத்து மூட்டை நடந்து வராதா என்றும் கேட்டார். மூட்டைக்குக் கால் கிடையாது காக்கா என்றேன். உம்மா உள்ளேயிருந்து வளையலைக் குலுக்கினாள், வாயை மூடு என்று அர்த்தம். அவர் கோபிக்கவில்லை, ஆனால் விஷயத்தை நேராகவே சொன்னார். பையனுக்கு ஷவ்வால் கடைசியில் பினாங்குக் கப்பல், விட்டால் மூன்று வருஷம், அறை இல்லையென்றால் திரும்பி வந்தபிறகு வைத்துக்கொள்வோம் என்றார். நூர்ஜஹான் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் முடுக்கைப் பற்றி மறுபடி கேட்டேன், முதலில் சொன்னதுதான் என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று உம்மா சொன்னாள்.

வீட்டில் கதவு போட்ட அறை இன்னும் ஒன்று இருக்கிறது, உன்னுடையது. அதைக் கொடுத்தால் ஷவ்வாலிலேயே நிக்காஹ் நடக்கும், மாப்பிள்ளை கப்பலேறுகிற வரைக்கும் அவர்கள் அதில் இருக்கலாம், பின்னால் கட்டட அறை தயாரானதும் நூர்ஜஹான் மாறிக்கொள்வாள். நான் அன்றைக்கே உன் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கப் போனேன். உம்மா வாசலில் குறுக்கே நின்றாள். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாரேன்னு எழுதியிருக்கான், நாளைக்கு அவனும் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போயிடுவான், இங்கன அவனுக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான், கேட்காம தொடாதீங்கோ என்றாள். எனக்கு இப்படி யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

உன் முதலாளி தோட்டத்தில் போடுகிற கொட்டகைக்கு அஸ்திவாரம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். பழைய வண்டிச் சாமான் போட்டு வைக்க ஆள் உயரப் பள்ளம் எதற்கு? மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு இறுகின செம்மண் வந்ததும் நிறுத்து, மூலைக்கு ஒரு கபுக் கல்லை, அங்கே வெட்டி விற்கிற செம்பாறைக் கல்லை, மட்டம் பார்த்து வை, அதன்மேல் கால் நிறுத்து. மரம் மண்ணைத் தொடக்கூடாது, கரையான் ஏறும். தரையை வெளியைவிட ஒரு சாண் உயர்த்து, கூரைத் தண்ணி விழுகிற இடத்தில் சரளை கொட்டு. மட்டப்பலகையை இரவல் வாங்காதே, வளைந்திருக்கும்.

இப்போது நான் கேட்டதற்கு வருகிறேன். நோன்பு பிறப்பதற்குள் காக்காவிடம் பதில் சொல்லியாகவேண்டும், அடுத்த கப்பலில் எழுது. சம்மதம் என்றால் ஒரு வரி போதும். நீ வரும்போது முன்கூடத்தில் என்னோடு படுத்துக்கொள், கொசுவலை பெரிசு, இரண்டு பேருக்குக் காணும். உனக்குப் பதினெட்டு வயது மூத்தவன்தான் நான், குறட்டையும் விடுவதில்லை. மனசில்லை என்றால் அதையும் எழுது, மழுப்பாதே. சுண்ணாம்பு காயவில்லை என்று காக்காவிடம் நானே சொல்லிக்கொள்வேன், உன் பேர் எவர் வாயிலும் வராது, நூர்ஜஹானுக்கும் தெரியாது. அந்த அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சாவி உம்மாவிடம் இருக்கிறது.

தொழுகையை விடாதே, மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. உம்மாவும் தங்கச்சியும் ஸலாம் சொல்கிறார்கள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் வாப்பா,
கா. மூஸா நெய்னா