தம்பியின் பாதி

திங்கள்.
மேகமூட்டம், மழை இல்லை. அம்மாவும் நானும் விருதுநகர், வக்கீல் வீட்டுக்கு. தம்பி கண்ணன் வழக்கு.

திருத்தங்கல் அச்சாபீஸில் காலண்டர் சீசன் வேலை முடிந்து பைக்கில் வந்தவன். வேன் மோதி, அங்கேயே போய்விட்டான்.

வக்கீல் டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "கல்யாணமாகாத பையன்னா சம்பளத்துல பாதி அவனுக்கே செலவாயிருக்கும்னு கோர்ட்டுல கழிச்சிருவாங்கம்மா. மிச்சத்துக்குத்தான் நஷ்டஈடு. அவன் கொறச்சலாத்தான் செலவழிச்சான்னு நீங்க சாட்சி சொன்னா, கூடக் கேட்டுப் பாக்கலாம்."

"எம்பிள்ளைக்கு என்னய்யா செலவு?" என்றாள் அம்மா.

"யோசிச்சு வெள்ளிக்கிழம வாங்க."

செவ்வாய்.
வெயில். ரேஷன் கடைக்குப் போகவில்லை.

யோசித்தேன். பெட்ரோல், போன் ரீசார்ஜ். முடிவெட்டு, அதுவும் அம்மா திட்டினால்தான். தீபாவளிக்கு எனக்கும் அம்மாவுக்கும் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு சட்டை. சிகரெட் கிடையாது. சினிமா? தெரியவில்லை.

ஒரு ஆளுக்கு இது போதுமா? அவன் போதும் என்றுதான் சொன்னான். நாங்களும் நம்பிவிட்டோம்.

புதன்.
அச்சாபீஸில் கண்ணனோடு ஒரே மெஷினில் நின்ற செல்வம் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று சொன்ன பிறகுதான் வந்தான். செலவைப் பற்றிக் கேட்டேன்.

"சிவகாசில ஒரு கடையில நீலக் கலர் ஷூ பாத்து வச்சிருந்தான்க்கா. சம்பளம் வாங்குனா என்னையும் இழுத்துட்டுப் போவான். கால்ல போட்டு நடந்து பாப்பான். களட்டி வச்சிட்டு, 'அடுத்த மாசம் எடுத்துக்கிடலாம்லே'ன்னு வந்துருவான்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா சாப்பிடவில்லை.

வியாழன்.
தூறல். பால்வாடி வேலை முடிந்து வந்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவில்லை. கை நடுக்கம் கூடிவிட்டது. இனி எத்தனை நாள் போவாளோ. வக்கீல் சொன்னபடி கூடக் கிடைத்தால் அவள் வீட்டில் இருக்கலாம். அதைச் சொன்னேன். கொடியில் கிடந்த கண்ணன் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

வெள்ளி.
மறுபடி விருதுநகர். மார்க்கெட் பக்கம் மிளகாய் நெடி, ஒரே தும்மல்.

வக்கீல் கேட்டதும் அம்மா சொன்னாள்: "பாதின்னே எழுதிக்கிடுங்கய்யா."

"அம்மா, உங்களுக்குத்தான் நஷ்டம்."

"இருக்கட்டும். எம்பிள்ள ஒண்ணும் திங்காம, ஒண்ணும் போட்டுப் பாக்காமப் போனான்னு அம்புட்டுப் பேரு முன்னால கூண்டுல ஏறி நான் சொல்ல மாட்டேன். பாதிய அவந்தான் செலவழிச்சான். ஆசப்பட்டதெல்லாம் வாங்குனான்."

நான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரிம்மா என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு மட்டும் இடம். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். திருத்தங்கல் வந்த பிறகுதான் எடுத்தாள்.

"ஏட்டி, கடையில எதாவது நல்லதா வாங்கித் தின்னுருப்பான்ல?"

"தின்னுருப்பாம்மா" என்றேன்.

எனக்குத் தெரியாது.