செட்டிகுளம் ஸ்ரேஷனுக்கு ஓடா, தகரமா?

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
12.2.1962

அன்பு மகள் அருந்ததிக்கு,

நீயும் மருமகன் கிறகோரியும் பேத்தி புனிதமலரும் சுகமாக இருக்கவேண்டுமென்று எங்கள் பிள்ளையாரையும் உங்கள் வீட்டு மாதாவையும் சேர்த்தே கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்கு மட்டும் விசர். பயப்படாதே, நல்ல விசர்தான். ஆறுதலாக இருந்து வாசி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கெதியாக வாசி. வெள்ளிக்கிழமைக்கு முதல் நீ இதை முழுக்க வாசித்திருக்கவேண்டும்.

மருமகனுக்குச் செட்டிகுளம் ஸ்ரேஷனிலிருந்து மாத்தறைக்கு மாற்றம் வந்துவிட்டது, அடுத்த மாதம் சாமான் கட்டவேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பா தன் வாயால் கூப்பிடாமல் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். நாலு வருசமாக நீ இதைத்தான் சொல்கிறாய். எனக்குச் செட்டிகுளத்திலே ஒருத்தரும் இல்லை என்று அவரும் நாலு வருசமாகச் சொல்கிறார். நீ வேதக்காரப் பெடியனைக் கட்டியதைக்கூட அவர் பொறுத்திருப்பார், சொல்லாமல் போய்க் கட்டியதைத்தான் பொறுக்கமுடியவில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். இடையில் கிடந்து நசிகிறவள் நான். தெற்குக் கோடியில் கிடக்கிற மாத்தறைக்குப் போய்விட்டால் பிறகு யார் யாரைப் பார்ப்பது என்று நினைத்து நினைத்தே பொங்கல் பானையைப் பொங்கி வழியவிட்டு அடுப்பை அணைத்துப்போட்டேன். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் என்று கேள்.

ஐப்பசியில், இரணைமடுக் குளத்து வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குப் போகிறாரென்று வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஒரு அலுமாரி எடுத்துக்கொண்டு வாறன் என்று உன் கொப்பர் சைக்கிளில் போனார். திரும்பி வரும்போது கரியரில் கட்டியிருந்தது ஒரு மட்டைப் பெட்டி. உள்ளே சாவி கொடுத்தால் ஓடுகிற விளையாட்டுக் கோச்சி! எஞ்சின், மூன்று பெட்டி, தண்டவாளம், இரண்டாகப் பிரிகிற தண்டவாளத் துண்டு ஒன்று. இஞ்சாருங்கோ, அலுமாரி எங்கை என்று கேட்டேன். அது உளுத்துப் போச்சு என்றார். குழந்தை குஞ்சு இல்லாத வீட்டுக்கு இது யாருக்கு என்று கேட்டேன். நான்தான் விளையாடப்போறன், உனக்கென்ன என்று பாய்ந்தார். மருமகன் ரயில்வேக்காரர், வீட்டில் ஓடித்திரிகிற பிள்ளையொன்று இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமலா வாங்கினார்? நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

மார்கழி மழை பிடித்தது. வயலுக்குப் போக வழியில்லை. விறாந்தையில் நெல்மூட்டைகளுக்கு மேலே பலகை போட்டுத் தண்டவாளத்தைப் பூட்டி ஓடவிட்டார். இரண்டு சுற்று ஓடியதும், ஸ்ரேஷன் இல்லாமல் ஓடுறது என்ன கோச்சி, அது காட்டுப்பண்டி என்றார். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த விசர். என் கூறைச்சேலை வந்த மட்டைப் பெட்டி போயிற்று. ஊரார் அனுப்பிய கலியாணக் கடிதம் எல்லாம் போயிற்று, தடித்த மட்டை என்பதால் சுவருக்கு நல்லதாம். சந்திக் கடைக்காரச் சிற்றம்பலத்திடம் பிறிஸ்டல் போட் மட்டை வாங்கிக் கூரை வெட்டினார். மெல்லிய கடதாசியைப் பசையில் நனைத்து, ஈர்க்கில் சுற்றி உருவி எடுத்து, ஒவ்வொரு ஓடாக ஒட்டினார். மண்வெட்டி பிடித்த அந்தக் கையா இது என்று நான் மூக்கில் விரல் வைத்தேன். முதலில் கட்டிய பரந்தன் ஸ்ரேஷனைக் கரப்பொத்தான் தின்றுவிட்டது! விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு பக்கச் சுவரைக் காணவில்லை. வெறும் கோதுமைமாப் பசை, பின்னே தின்னாமல் விடுமா? அதற்குப் பிறகு பசையில் மயில்துத்தம் கலந்தார்.

இனித்தான் பகிடி. இந்தக் குடியேற்றத்தில் யார் வீடு கட்டினாலும் நிலம் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்று நிலையம் எடுத்துக் கொடுக்கிறவர் அவரல்லவா? கடதாசி ஸ்ரேஷன் என்றால் மட்டும் விடுவாரா? பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில், சின்ன மட்டை நிலைக்குச் சந்தனம் வைத்து நட்டார். எல்லா ஸ்ரேஷனுக்கும் வாசல் கிழக்கே பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். விறாந்தையிலே தண்டவாளம் போவதோ ஸ்ரேஷன்களுக்கு மேற்கே. எல்லா ஸ்ரேஷனும் கோச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. பார்க்க வந்த சிற்றம்பலம்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரகத்தி அண்ணை, சனம் கூரையாலை ஏறிக் குதிச்சோ கோச்சி பிடிக்கிறது என்று கேட்டுவிட்டார். கொப்பர் அவரோடு கதைக்காமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு சத்தம் போடாமல் அடிமட்டையை வெட்டி எல்லாவற்றையும் திருப்பி ஒட்டினார். கிழக்குச் சுவரில் மட்டும் ஒவ்வொரு யன்னல் திறந்துவிட்டார், சூரியபகவான் கோபிக்கக்கூடாதாம்.

நீ பார்த்தால் வாய் பிளப்பாய், பிள்ளை. பளை, பரந்தன், கிளிநொச்சி என்று வரிசையாக வருகிறது. முறிகண்டியில் பிள்ளையார் கோயிலும் கச்சான் விற்கிற கொட்டிலும் வைத்திருக்கிறார். மாங்குளம், வவுனியா, பிறகு மதவாச்சி. ஈர்க்கில் கைகாட்டி மரம், கடதாசிப் பனை, யன்னலுக்குக் கண்ணாடித்தாள். திருவிழாப் பார்க்க வருவதுபோலச் சனம் வருகிறது, எனக்குத் தேத்தண்ணி ஊற்றியே கை ஓய்ந்துபோயிற்று. மதவாச்சியில் அந்தப் பிரிகிற துண்டைப் பூட்டியிருக்கிறார். ஒரு பாதை சுற்றிக்கொண்டு போகிறது. மற்றது சுவர்ப்பக்கமாகப் போய் வெறும் பலகையில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது எங்கே போகிறது என்று கேட்பார்கள். அது சும்மா கிடக்கு என்பார். அது செட்டிகுளத்தால் போகிற மன்னார்ப் பாதையென்று தெரியாத ஆள் இந்தக் குடியேற்றத்தில் இல்லை, அந்தப் பாதையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஆளும் இல்லை. கேட்டவர்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

போன கிழமை அந்த வெறும் பலகைக்குப் பச்சை மை பூசினார். நான் குசினிக் கதவால் எட்டி எட்டிப் பார்த்தேன். மட்டை வெட்டினார், கிழித்தெறிந்தார். திரும்ப வெட்டினார், திரும்பக் கிழித்தார். ஒரு துண்டுக் கடதாசியை வீணாக்காத மனுசன்! பிறகு பார்த்தால் கடைச் சந்தியில் நின்று, அந்தப் பாதையால் மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த ஆட்களை விசாரித்துத் திரிகிறாராம். ஒருத்தர் ஓடு என்றாராம், இன்னொருத்தர் தகரம் என்றாராம்.

நேற்றுக் காலமை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன். வாசலில் வந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, செட்டிகுளம் ஸ்ரேஷனுக்கு ஓடோ தகரமோ என்று கேட்டார். அருந்ததி, நாலு வருசத்தில் முதல்தரமாக அந்த ஊரின் பேர் அவர் வாயில் வேறு மாதிரி வந்தது! ஒருத்தரும் இல்லை என்று சொல்வதற்கல்ல, கேட்பதற்கு வந்தது. தேங்காய்ப் பாதி கைநழுவி உருண்டு போயிற்று. எனக்கெப்பிடித் தெரியும், நீங்கள் என்னை அங்கை போக விட்டனீங்களோ என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் கோபிக்கவில்லை. குத்துமதிப்பிலை கட்ட ஏலாது, வெள்ளிக்கிழமை நேரை போய் அளந்துகொண்டு அடுத்த கோச்சியிலை திரும்பிவிடுவன் என்றார்.

அடுத்த கோச்சியிலா? நான் விடுவேனா! ஸ்ரேஷனை மட்டும் கட்டினால் போதுமோ, பக்கத்திலை குவாட்டர்ஸ் இல்லாட்டி ரிக்கற் குடுக்கிற ஆள் எங்கை படுக்கிறது, பெண்சாதி பிள்ளை எங்கை இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு விளங்குகிறதென்று அவருக்கு விளங்கிற்று. ஓம், அதுவும் உள்ளை போய் அளக்கத்தான் வேணும் என்றார். கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளி முகம் கழுவினார். நான் அடுப்படியில் இருந்து நன்றாக அழுதேன், சந்தோசத்தில்தான்.

வெட்டிக் குவித்த நெற்சூடு இன்னும் அடிக்காமல் வயலில் கிடக்கிறது. அதைப் பக்கத்து வயல் ஏரம்பு அண்ணையிடம் பாரம் கொடுத்துவிட்டார். வெள்ளை வேட்டி தோய்த்துக் காய்கிறது, அளவுநாடா தேடி எடுத்தாயிற்று, பென்சில் சீவியாயிற்று. அவளுக்கு எழுதிப்போடாதை, நான் ஸ்ரேஷனைப் பாக்கத்தான் போறன் என்று எனக்குக் கட்டளை. சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வந்து, தபாற்காரன் இண்டைக்கு எத்தினை மணிக்கு வருவான் என்று கேட்டார்!

இனி நான் சொல்வதைக் கேள், மகளே. அவர் வாயால் கூப்பிடமாட்டார். அந்த வாய் அவருக்கு வாய்க்கவில்லை. கையால் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார், மாத்தறைக்குப் போவதற்கு முதல் அதைக் கேட்டுவிடு. மருமகனிடம் சொல், மேடையில் நின்று நாடாப் பிடிக்கிற கிழவனை ஒருத்தரும் மறிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். நீ சிரித்துவிடாதே. அவரைக் கண்டதும் ஓவென்று அழவும் வேண்டாம், வெருண்டு திரும்பிப் போனாலும் போய்விடுவார். வெள்ளிக்கிழமை உங்களுக்கும் இறைச்சி இல்லை, எங்களுக்கும் மச்சமில்லை. மரக்கறி சமைத்து வை. வயிறு நிறைந்தால் அவருக்கு எழும்ப மனம் வராது.

இன்னொன்று. ஸ்ரேஷனின் நீளத்தை ஒரு ஆளாக நின்று அளக்க ஏலாது. நாடாவின் மற்ற முனையைப் பிடிக்க அங்குமிங்கும் ஆள் தேடுவார். அந்த நேரம் நீ கை நீட்டாதே, மருமகனும் வரவேண்டாம். அதைப் புனிதமலரின் கையில் கொடுத்துவிடு.

அப்பாவோடு சேர்த்து நீங்கள் நாலு பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
அன்னபாக்கியம்