நீ நடத்தாத சோதனை

மட்டாஞ்சேரியில் இஞ்சி மண்டியாக இருந்த கட்டடமொன்றைக் காபிக் கடை ஆக்கியிருக்கிறார்கள். போன மாதம் அதற்குள் காலை வைத்ததும் டர்பைன் எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. பார்த்தால் நடுக்கூடத்தில், டர்பைனின் வேகத்தை அடக்கிக்கொண்டிருந்த நம் பழைய கவர்னர் நிற்கிறது. நீயும் நானும் மலை மேலே பவர் ஹவுஸில் முதல் மிஷினிலிருந்து கழற்றி இறக்கிய அதே இரும்புதான். உச்சி முதல் அடி வரை தங்க நிறப் பெயிண்ட். அதன் இரண்டு உருண்டைகளையும் ஒருத்தி கையால் சுற்றிவிட, அவள் புருஷன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அடியில் இன்னும் எண்ணெய் கசிகிறது. அதைப் பிடிக்க ஓர் ஐஸ்கிரீம் கிண்ணம் வைத்திருந்தார்கள்.

கடை நம் முதலாளியின் மச்சானுடையது. தோப்பும்படியில் நம் பேனல் ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற அந்த முதலாளி மகானுபாவர்தான் என்னை அங்கே வரச் சொல்லியிருந்தார். ஆபீஸில் பேச முடியாத விஷயம் என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

முதல் மிஷினுக்குப் புது கவர்னர் வைத்த நாள் நினைவிருக்கிறதா உனக்கு? முழு லோடில் ஓடுகிற மிஷினின் பிரேக்கரைச் சட்டென்று திறந்து லைனைத் துண்டிக்க வேண்டும். லோடு போனதும் அது வெறிபிடித்துச் சுற்றும். தண்ணீர்க் கதவுகளை உடனே மூடி அதை அடக்குகிறதா என்பதுதான் கவர்னருக்குப் பரீட்சை. எல்லோரும் மேலே கண்ணாடி அறையில் இருந்தார்கள். நீ மட்டும் கீழே, மிஷின் பக்கத்தில். சோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள் பக்கத்தில் நிற்காவிட்டால் அது என்ன கையெழுத்து என்பாய். என்னையும் இழுத்து நிறுத்தினாய். தரை அதிர்ந்தது. பயத்தில் நான் படிக்கட்டைப் பார்த்தேன். “பேடிச்சா பேடிச்சுக்கோ டீ, ஆனா ஓடாதே,” என்றாய். மிஷின் உறுமி, ஏறி, அடங்கியது. நீ சிரித்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அப்போதே உன் உடம்புக்குள் நோய் இருந்ததென்று நமக்குத் தெரியாது.

இரண்டாவது மிஷினின் வேலை முடிவதற்குள் நீ போய்விட்டாய். மழை கொட்டி அணை நிரம்பிவிட்டது. சோதனைக்கென்று மிஷினை நிறுத்த அவகாசமில்லை, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. இதைத்தான் முதலாளி காபியை ஆற்றி ஆற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டும் ஒரே மாடல் அல்லே? முதல் மிஷினுக்கு அவ எடுத்த டெஸ்ட் மதி, அது போதும். ரெண்டாவதுக்கும் அந்த ரிப்போர்ட்டையே குடுத்துடு. அவ இருக்கறப்பவே எடுத்ததுன்னு தேதி போட்டுக்கலாம். அவ பேரு இருந்தா அங்க எவனும் வாய் திறக்க மாட்டான்.”

செத்தவள் எழுந்து வந்து கேட்கவா போகிறாள் என்ற தைரியம். உன் சாவுக்கு வந்து அரை மணி நேரம் மூக்கை உறிஞ்சிய ஆள்! பேசி முடித்ததும் வாழைக்காய் வறுவலை என் பக்கம் தள்ளி வைத்தார். அந்தத் தட்டைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இரட்டைப் பிள்ளைகளென்றாலும் ஜுரம் தனித்தனியாகத்தான் வரும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் எதிரிலேயே பவர் ஹவுஸ் இன்ஜினீயரைப் போனில் கூப்பிட்டு, சோதனை நடத்தாமல் மிஷினை ஒப்படைக்க மாட்டோம், நானே வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்: “நீங்களும் வாங்கோ. அவ நின்ன எடத்துல நில்லுங்கோ. அப்புறம் யார் பேரை வேணும்னாலும் போடுங்கோ.” தனக்குப் பிரஷர் உண்டு, சத்தம் ஆகாது என்று முனகினார்.

நான் போனேன், கீழே நின்றேன். லோடைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தோம். கால் லோடில் அடங்கிய மிஷின் அரை லோடில் அடங்கவில்லை. கதவுகள் ஆமை மாதிரி நகர, வேகம் ஏறிக்கொண்டே போனது. வேறொரு பாதுகாப்பு இறங்கி மெயின் வால்வை மூடியதால் தப்பித்தோம். கவர்னரின் எண்ணெய் வழியில் ஒரு அடைப்பு. முழு லோடில் இடி விழுந்து லைன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஷிப்டில் நிற்கிற பிள்ளைகள் போயிருப்பார்கள். அவர்கள் வீட்டார் உன் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். பதில் சொல்ல நீ இருந்திருக்க மாட்டாய்.

அடைப்பை எடுத்து, மறுபடி முதலிலிருந்து எல்லாச் சோதனையும் நடத்தி, என் பெயரில் கொடுத்தேன். திறப்பு விழா தள்ளிப்போனது. மேடையில் முதலாளி, பாதுகாப்பில் நாங்கள் சமரசம் செய்துகொள்வதே இல்லை என்று பேசினாராம்.

நேற்று ஆபீஸுக்குப் போனேன். அவர் நாற்காலிக்குப் பின்னால், சந்தன மாலையும் சிவப்பு பல்புமாக உன் படம். வருகிற கஸ்டமரிடமெல்லாம் அதைக் காட்டி, எங்கள் குடும்பத்துப் பெண் மாதிரி என்கிறார். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மாலையையும் பல்பையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் இறக்கினேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.