குப்பைக்குப் போன சலாம்

கண்ணியமிக்க யாபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். முழங்கால் வலி தணிந்ததா? பஸ்ராவில் நான் சுகம்தான்.

நம் கடிதங்கள் அடுத்தவர் வீட்டில் ஏன் கிடக்க வேண்டும் என்று என் அறையிலேயே சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்தேன் அல்லவா? அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இப்படி வீட்டுச் சர்வரிலிருந்து வரும் அஞ்சல் என்றாலே பெரிய கம்பெனிகளுக்குச் சந்தேகம். அதோடு மேலே எழுதியதுபோல் சலாமும் துஆவுமாகத் தொடங்கினால், மோசடிக்காரன் என்று குப்பையில் தள்ளிவிடுகின்றன. சலாமை எடுத்துவிட்டு அனுப்பிய ஒன்றுதான் உங்களை வந்தடைந்தது. உடனே போனில் கத்தினீர்கள்: “ஒரு சலாம்கூட இல்லாம, அப்பனுக்கு எழுதுறியா, ஆபீஸ் பியூனுக்கு எழுதுறியாடா?” நான் விளக்குவதற்குள் வைத்துவிட்டீர்கள். அப்புறம் எடுக்கவே இல்லை.

அதனால்தான் இதைத் தாளில் எழுதி, நம் மோசூலுக்கு வரும் டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது அம்மா காயவைத்த வெண்டைக்காய் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கே கிடைப்பதில் அந்த வாசனை இல்லை.

ஹாரன் அடிக்கிறார். தங்கை ஷைமாவிடம், அவள் போனில் உங்கள் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ரமலானிலிருந்து எழுதியதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. ‘இது குப்பையில்லை’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை நீங்கள்தான் அழுத்த வேண்டும், யாபா. என்னால் முடியாது.

உங்கள் ஸஃப்வான்